தண்ணீர் ஊற்றக் கூடாத கொடி

எங்கள் நகராட்சியில் செங்குத்துப் பசுமைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நகராட்சிக் கட்டடத்துக்கு நேர் எதிரே என் அச்சுக்கடை. அவர்களுடைய ரப்பர் ஸ்டாம்புகள் எல்லாம் என்னிடம்தான் செய்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூசி அண்ணன் எங்கள் தெருக்காரர். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் கண்ணைவிட்டு மறையும் வரை கேட்டைத் தூக்கியதில்லை. அந்தப் பக்கம் கல்யாண ஊர்வலம் நின்றாலும் சரி, பிரசவ வலியோடு ஒருத்தி நின்றாலும் சரி, தூக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்தது மேற்கு வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் வீடு. ஜூலை மாதத்தில் அவர் படுக்கையறைச் சுவரில் முதுகு சாய்த்து உட்கார முடியாது.

ஒரு கோடையின் முடிவில் அவர் மனைவி மின்கா தலையணையை எடுத்துத் தெருவில் வீசிவிட்டாள்.

"இது படுக்கற ரூமா, பனித்ஸா சுடற அடுப்பா? அடுத்த கோடைக்குள்ள இந்தச் சுவத்து மேல ஏதாச்சும் ஒரு கொடி ஏறணும். இல்லேன்னா நான் ஏறிடுவேன், பர்காஸ் பஸ்ல. என் தங்கச்சி வீட்ல கடல் காத்து சும்மா வருது."

வேறு யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு துண்டை ஒடித்துச் சுவரோரம் நட்டிருப்பார்கள். ரூசி அண்ணன் நடவில்லை. சுவர் தெருவைப் பார்த்திருந்தது. தெருவைப் பார்த்த சுவர்களெல்லாம் செங்குத்துப் பசுமைப் பிரிவின் கீழ் வருகின்றன. அவர் அனுமதி கேட்கக் கிளம்பினார். பெரிய மனிதர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று துணைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

பிரிவின் தலைவர் பொறியாளர் சபுன்ஜியேவ். கடுங்கோடையிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர். அவருக்குப் பக்கத்தில் உதவியாளர் இஸ்க்ரா, விரல் நகங்களை ஒட்ட வெட்டிய ஒல்லியான பெண். எதிரே இருந்த நீள மேஜையைச் சுற்றி நிபுணர் குழு உட்கார்ந்திருந்தது. குழுவின் வேலை, அதிகப் பராமரிப்பு தேவைப்படாத கொடி எது என்று கண்டுபிடிப்பது.

"நண்பரே, இந்த நாட்டைக் கெடுத்ததே பராமரிப்புதான்" என்று சபுன்ஜியேவ் தொடங்கினார். "ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தறோம். அது நம்மள நம்ப ஆரம்பிச்சிடுது. நாளைக்கு நாம இல்லேன்னா அது என்ன பண்ணும்? பெரிய துரோகம் இல்லையா? அதனால எங்க பிரிவு ஒரு கொள்கை வெச்சிருக்கு. ஆரம்பத்துலேருந்தே நாம இல்லாம இருந்துடறது."

குழுவினர் மரியாதையோடு மேஜையைத் தட்டினார்கள்.

"திராட்சை வெக்கலாமா சார்?" என்று ரூசி அண்ணன் கேட்டார். எங்கள் ஊரில் திராட்சை இல்லாத முற்றம் கிடையாது. அவரைப் பொறுத்தவரை அது கேள்வியே அல்ல.

சபுன்ஜியேவ் கண்ணை மூடித் திறந்தார். "திராட்சை காய்க்கும். காய்ச்சா பறிக்கணும். பறிச்சா பிழியணும். பிழிஞ்ச சக்கைய வெச்சு ராக்கியா காய்ச்சணும். காய்ச்சினதக் குடிக்கணும். குடிச்சவன யாராவது வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். எவ்வளவு பராமரிப்பு, யோசிச்சுப் பாத்தீங்களா?"

ரூசி அண்ணன் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

விஸ்டீரியாவை வருஷா வருஷம் வெட்டிவிட வேண்டும், ஆகாது. மல்லிகை மணக்கும், மணந்தால் போகிறவர்கள் நின்று மோந்து பார்ப்பார்கள், நின்று மோந்து பார்ப்பதும் ஒரு வகைக் கவனிப்பு. கொடி ரோஜாவின் முள் குழு உறுப்பினர் ஒருவரைச் சின்ன வயதில் குத்தியிருந்தது. ஐவி கிட்டத்தட்டத் தேறிவிட்டது. கடைசி நேரத்தில் இஸ்க்ரா கையைத் தூக்கினாள்.

"சார், ஐவி இலையை உதிர்க்காது. நம்ம வருடாந்தர இலையுதிர் அறிக்கையில என்ன எழுதறது?"

ஐவியும் போயிற்று. மிஞ்சியது, கை விரல்களைப் போல ஐந்து இலை விரித்துச் சுவரைத் தானே பற்றிக்கொண்டு ஏறும் கொடி. எங்கள் ஊரில் பாழடைந்த கட்டடங்கள் எல்லாவற்றின் மேலும் அதுதான் கிடக்கிறது. ரயில்வே ஷெட்டுக்குப் பின்னால் போனால் இலவசமாக வெட்டிக்கொண்டு வரலாம். அதைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

வசந்தத்தில் நடுவிழா. பேண்டு வாத்தியம் வந்தது, விருந்தாளிகளை வரவேற்கும் ரொட்டியும் உப்பும் வந்தது, மேயர் வந்தார். பாதிரியார் துளசிக் கொத்தைத் தீர்த்தத்தில் நனைத்து, சுண்டுவிரல் உயரமிருந்த கொடியின் மேல் தெளிக்கக் கையை ஓங்கினார். சபுன்ஜியேவ் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"ஃபாதர், தண்ணி!"

"இது தீர்த்தம்பா."

"இருக்கட்டும். ஈரமா இருக்கு இல்ல?"

பாதிரியார் ஓங்கிய கையைச் சும்மா இறக்க முடியாமல் எங்கள் மேலெல்லாம் தெளித்துவிட்டுப் போனார். என் சட்டை நன்றாக நனைந்தது. அப்புறம் கொடிக்கு மேலே, கதவு அகலத்தில் ஓர் இரும்புப் பலகையை ஆணியடித்தார்கள். 'இந்தக் கொடிக்குப் பராமரிப்பு தேவையில்லை. பராமரிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' கொடி எந்த இடத்தில் ஏற வேண்டுமோ, சரியாக அந்த இடத்தை மறைத்துக்கொண்டு பலகை நின்றது.

"நட்ட அன்னிக்காவது ஒரு சொம்பு தண்ணி விடலாம் இல்ல சார்?" என்று ரூசி அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"முதல் சொம்புலதான் எல்லாக் கெட்ட பழக்கமும் ஆரம்பிக்குது" என்றார் சபுன்ஜியேவ்.

வாரா வாரம் இஸ்க்ரா வந்தாள். மண்ணில் விரலைக் குத்திப் பார்ப்பாள், விரலை மூக்கருகே கொண்டுபோவாள், போய்விடுவாள். மே மாதத்தில் ஒரு நாள் விரல் ஈரமாக வந்தது. தெருவே விசாரிக்கப்பட்டது. முந்தின நாள் மழை பெய்ததாக எல்லோரும் சாட்சி சொன்னோம்.

"மழை இயற்கை. அதை நாங்க ஒண்ணும் சொல்லல" என்றாள் இஸ்க்ரா. "ஆனா உங்க கூரையில விழுந்த மழை, உங்க குழாய் வழியா, உங்க சுவத்தோரம் வந்து சேருது பாருங்க. அது மழை இல்ல. பாசனம்."

குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார்கள். இப்போது மழை பெய்தால் தபால்காரர் நனைகிறார், கொடி நனைவதில்லை.

அடுத்த குற்றம் இதைவிடக் கடுமையானது. ரூசி அண்ணன் கொடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததை இஸ்க்ராவே பார்த்துவிட்டாள்.

"என்ன பேசினீங்க?"

"'பாவம்டா நீ'ன்னேன்."

"அது ஊக்குவிப்பு."

அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊர் வாசகசாலையில் மேடை மேல் ஒரு பூந்தொட்டியை வைத்து, அதைப் பார்க்காமல் கடந்து போகக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் கடைசி நேரத்தில் கடைக்கண்ணால் பார்த்துத் தோற்றார்கள். ரூசி அண்ணன் கேட் கீப்பர் அல்லவா, நேராகப் பார்க்கப் பழகியவர். முதல் இடம் அவருக்கே. சான்றிதழை நான்தான் லேமினேட் செய்து கொடுத்தேன்.

ஜூலை வந்தது. கொடியில் இருந்த நாலு இலையும் சுருண்டு உதிர்ந்து, தண்டு காய்ந்து பழுப்பாகிச் சுள்ளியாக நின்றது. சுவர் எப்போதும் போலக் கொதித்தது. மின்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நான் கடையைத் திறக்க அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

"யோவ், ஒரு வாளித் தண்ணி ஊத்த உனக்குத் தைரியம் இல்ல" என்றாள் புருஷனைப் பார்த்து.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு மின்கா."

"அப்போ சட்டத்தையே கட்டிப் பிடிச்சுத் தூங்கு."

பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு ரூசி அண்ணன் சமைக்கவில்லை. ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு போவார், பாதியைத் தெரு நாய்க்குப் போடுவார். தினமும் சாயங்காலம் பர்காஸுக்குப் போன் செய்வார். தங்கச்சிதான் எடுப்பாள், மின்கா கடலுக்குப் போயிருக்கிறாள் என்பாள். அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பாவத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

நானே அவரைச் சபுன்ஜியேவிடம் இழுத்துப் போனேன். "சார், கொடி செத்துப்போச்சு. பிடுங்கிப் போட்டுட்டு இவரே ஒண்ணு நட்டு, இவரே தண்ணி ஊத்திக்கட்டும்."

சபுன்ஜியேவ் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் அன்பாகத்தான் பேசுவார்.

"பராமரிப்பு தேவையில்லாத கொடி இது. சரிதானே? பராமரிப்பு இல்லாததால செத்துச்சுன்னா, பராமரிப்பு தேவைன்னு ஆயிடும். தேவையில்லைன்னு குழு முடிவு பண்ணியாச்சு. அதனால அது சாகல."

"காஞ்சு சுள்ளியா நிக்குது சார்."

"பொறுமையா இருக்கு."

"சரி, பக்கத்துல இன்னொண்ணு நட்டுக்கறேனே" என்று ரூசி அண்ணன் கெஞ்சினார்.

"ஒரு சுவருக்கு ஒரு கொடி. ஒண்ணு உயிரோட இருக்கறப்போ இன்னொண்ணு வெச்சா, இருக்கறது மனசு என்ன பாடுபடும்?"

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் பாதிதான் நம்புவோம். கறுப்புக் கட்டம் போட்ட தாளில், படத்தோடு, பெயரோடு அச்சாகி, கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டினால்தான் சாவு சாவாகும். ஒட்டிய தாளை எதிரி கூடக் கிழிக்க மாட்டான். மழையாகப் பார்த்துக் கிழித்தால்தான் உண்டு. அந்தத் தாள்களை அடிப்பதுதான் என் கடையின் முக்கிய வியாபாரம். ஸ்டாம்பெல்லாம் சில்லறை வேலை.

அன்றே அடித்தேன். 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக்குரிய மேற்குச் சுவர்க் கொடி, இளம் வயதில், யாருக்கும் தொந்தரவு தராமல், தாகத்தால் மறைந்தது.' படத்துக்குத்தான் சிரமப்பட்டேன். கொடிக்கு இருந்த ஒரே படம் நடுவிழாவில் எடுத்தது. அதில் கொடியைவிடச் சபுன்ஜியேவின் ஷூ பெரிதாகத் தெரிந்தது. அப்படியே போட்டுவிட்டேன்.

"தம்பி, இதுக்கு அனுமதி வாங்கணுமோ?" என்று ரூசி அண்ணன் வியர்த்தார்.

"அண்ணே, சாவுக்கு அனுமதி குடுக்கற பிரிவு இன்னும் தொடங்கல. தொடங்கறதுக்குள்ள ஒட்டிடுவோம்."

இரும்புப் பலகையின் மேல் ஒன்று, தெருக் கம்பங்களில் சில, பஸ் நிலையத்தில் ஒன்று. கைப்பழக்கம் விடவில்லை, வீட்டுக் கதவிலும் ஒன்றை ஒட்டிவிட்டேன். வீட்டுக் கதவில் ஒட்டினால் அந்த வீட்டு மனுஷர் போய்விட்டார் என்று அர்த்தம். அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே திரண்டது. சாவு வீட்டு வழக்கப்படி, சர்க்கரை தூவிய அவித்த கோதுமையும், கொஞ்சம் ஒயினும், இரட்டைப்படையில் பூவும் கொண்டுவந்தார்கள். பாதிப் பேர் குறும்புக்கு வந்தார்கள், பாதிப் பேர் கோதுமைக்கு. பாதிரியார் கூட்டத்தின் ஓரத்தில், சும்மா அந்தப் பக்கம் வந்தவர் போல நின்றார். ரூசி அண்ணன் இன்னொரு தட்டு கோதுமை எடுத்துவர உள்ளே போன நேரத்தில், சபுன்ஜியேவ் இஸ்க்ராவோடு வந்து சேர்ந்தார்.

"என்ன அக்கிரமம் இது? உயிரோட இருக்கற கொடிக்கு..." என்று கத்தத் தொடங்கியவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணெதிரே கறுப்புக் கட்டம். வாய் நின்றது. கை தானாக மேலே போய்க் கம்பளித் தொப்பியைக் கழற்றியது. அவரும் எங்கள் ஊரில் பிறந்தவர்தானே, தாய்ப்பாலோடு வந்த பழக்கம் எங்கே போகும்?

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்.

"கடவுள் மன்னிக்கட்டும்" என்றது கூட்டம்.

"அப்போ செத்துப்போச்சுன்னு ஒத்துக்கறீங்க சார்" என்றேன் நான்.

சபுன்ஜியேவ் உதட்டைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான். இறந்தவருக்கு மட்டுமே சொல்லும் வார்த்தை அது. பாதிரியாரே சாட்சி.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஓர் அலறல் கேட்டது. தலையில் கறுப்புத் துணி, கையில் கனத்த பை, மின்கா ஓடி வந்தாள். பஸ் ஓட்டுநர் பர்காஸில் அவளைப் பார்த்து, உங்கள் வீட்டுக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் சாவதற்கு ரூசி அண்ணனைத் தவிர யார் இருக்கிறார்கள்? கண்ணீரில் அவளுக்கு எந்தத் தாளும் தெரியவில்லை. தொப்பியைக் கையில் பிடித்து நின்ற சபுன்ஜியேவ்தான் முதலில் எதிர்ப்பட்டார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, விட்டுட்டுப் போயிட்டேனே! எப்படிங்க உயிர் போச்சு?"

ஒரு கொடிக்காக இவ்வளவு அழும் பெண்ணைச் சபுன்ஜியேவ் கண்டதில்லை. ஆடிப்போய்விட்டார்.

"தாகம்தான் மேடம். வேற ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா காஞ்சு, அமைதியா..."

"ஒரு வாய் தண்ணி குடுக்க இந்த ஊர்ல ஆளில்லையா?"

"குடுக்க வந்தாங்க மேடம். நாங்கதான் விடல" என்று அவர் ஆறுதல் சொன்னார். "ஒரு சொட்டு உள்ள போகாம பாத்துக்கிட்டோம். வாரா வாரம் இஸ்க்ரா விரலை விட்டுச் சோதிச்சாங்க. பக்கத்துல உக்காந்து யாரும் பேசக்கூட விடல. எங்க பிரிவு சார்பா செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சோம்."

பையில் தங்கச்சி கொடுத்த அத்திப்பழ ஜாம் பாட்டில் இருந்தது என்பது பிறகுதான் தெரியும். விழுந்த முதல் அடியிலேயே சபுன்ஜியேவ் கோதுமைத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது அடிக்குப் பையை ஓங்கியபோது கதவைத் திறந்துகொண்டு ரூசி அண்ணன் வந்தார்.

"மின்கா! வந்துட்டியா?"

அவள் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"நீ சாகலியா?"

"நான் இல்லடி. கொடி."

அந்த இரண்டாவது அடி அவருக்கு விழுந்தது. அப்புறம் பையைக் கீழே போட்டுவிட்டு, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, சிரிக்க வந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டோம். தாளைக் கதவில் ஒட்டிய என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"நீ மட்டும் உசுரோட இருந்தா அந்தச் சுவத்தப் பத்தி வாயே திறக்க மாட்டேன்னு வழி பூரா சாமிகிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன்யா" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "சாமிகிட்டதான் சொன்னேன். உன்கிட்ட சொல்லல. இன்னும் சுடுது பாரு."

அன்று சாயங்காலமே மின்கா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தச் சுள்ளியின் தலையில் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். மூன்றாம் நாள் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய சபுன்ஜியேவ் வந்து நின்றார்.

"மேடம், கொடிக்குத் தண்ணி ஊத்தறது குற்றம்."

"கொடி எங்க இருக்கு? செத்துப்போச்சுன்னு ஊர் முன்னால நீங்கதான் சொன்னீங்க. இது கல்லறை. கல்லறைக்குத் தண்ணி ஊத்தறதையும் தடுப்பீங்களா? உங்க அம்மா கல்லறைக்கு நீங்க ஊத்தறதில்ல?"

சபுன்ஜியேவ் ஆமென்று எங்கள் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டினார். தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, வாளியை அவள் கையிலிருந்து வாங்கி, மிச்சத் தண்ணீரை அவரே ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்த வசந்தத்தில் வேரிலிருந்து சிவப்பாக ஒரு முளை வந்தது. மே மாதத்தில் இரும்புப் பலகையைத் தாண்டியது. இஸ்க்ரா பதறிக்கொண்டு போய்த் தலைவரைக் கூட்டி வந்தாள். அவர் இலைகளை நெடுநேரம் பார்த்தார்.

"செத்தது பதிவாயிடுச்சு இஸ்க்ரா. உயிர்த்தெழறது எல்லாம் நம்ம பிரிவுல வராது. அது சர்ச்சோட வேலை."

பாதிரியாரைக் கேட்டார்கள். அவருக்கு ஆட்சேபம் இல்லை. அதோடு அந்தச் சுவரை யாரும் சோதிக்க வரவில்லை. இரண்டாம் கோடையில் சுவர் முழுவதும் பச்சை. மின்கா மத்தியானத்திலும் அந்த அறையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறாள், குளிருகிறது என்று ரூசி அண்ணனைத் திட்டுகிறாள். அவருக்கு அந்தத் திட்டைக் கேட்பதில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

போன வாரம் கடையைச் சாத்தும் நேரத்தில் சபுன்ஜியேவ் வந்தார். ஸ்டாம்பு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். கதவை மூடிவிட்டு வந்து மெல்லிய குரலில் பேசினார்.

"ஒரு அறிவிப்பு அடிக்கணும். என் வீட்டு மேற்குச் சுவத்துக் கொடி. நம்ம திட்டத்துல முதல்ல நட்டதே அதுதான்."

"செத்துப்போச்சா சார்?"

"பதிவுல உயிரோட இருக்கு. அதான் பிரச்சினை. வீட்டுக்குள்ள இருக்க முடியல. சம்சாரம் வர்னாவுக்கு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போய் ரெண்டு மாசமாச்சு."

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் தாளை எடுத்துக் கட்டம் போட்டேன்.

"சுவத்துல பெரிசா ஒண்ணு ஒட்டிடறேன் சார். மத்தது கம்பத்துல."

"சுவத்துல ஒட்டலேன்னாலும் பரவாயில்ல" என்றார் சபுன்ஜியேவ், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே. "கதவுல ஒட்டிடு. அவ வர்றாளான்னு பாக்கணும்."